காலையில் ஆசிரியர், மாலையில் மாணவர்

(தேசூரில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிரான்ஸ் நாட்டுப் பள்ளியில் மொழி உதவியாளராகப் பணியாற்றிய அனுபவத்தைப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். அங்கே நான் ஆங்கிலம் பேசப் பழக்கினேன். பிரெஞ்சு பேசப் பழகினேன். இந்த இரண்டில், பழகிய அனுபவம்தான் இன்று நடுநிலைப் பள்ளியில் வகுப்பெடுக்கும் எனக்கு அதிகம் உதவுகிறது. அதைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் அந்த வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். பிரான்ஸும் பிரிட்டனும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தங்கள் இளைஞர்களை ஒருவர் நாட்டுப் பள்ளிக்கு மற்றவர் அனுப்பும் வழக்கத்தைத் தொடங்கின. இன்று பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஆண்டுதோறும் பிரெஞ்சுப் பள்ளிகளுக்குச் செல்கிறார்கள். ஓரளவு பிரெஞ்சு தெரிந்த இந்திய இளைஞர்களுக்கும் வாய்ப்பு உண்டு. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை 7 மாதம். வாரத்துக்கு 12 மணி நேரம். கையில் கிடைப்பது மாதம் ஏறத்தாழ 800 யூரோ. சிக்கனமாக இருந்தால் போதும். ஜப்பானில் 1987 முதல் 'ஜெட்' என்ற பெயரில் இதே போன்ற திட்டம் நடக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தாய்மொழியைக் கற்பிக்கும் உதவியாளர்களை ஃபுல்பிரைட் திட்டம் அழைக்கிறது.

உதவியாளர் பாடம் நடத்துவதில்லை, மதிப்பெண் போடுவதில்லை. வகுப்பில் பாதிப் பேரைத் தனியே அழைத்துப் போய்ப் பேச வைப்பதுதான் வேலை. எங்கள் ஊர்ப் பொங்கலைப் பற்றிச் சொல்வேன். அவர்கள் கேள்வி கேட்பார்கள். மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். அதன் பிறகுதான் கடினமான பகுதி தொடங்கும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்து, தேர்வில் தேறித்தான் போனேன். செய்தித்தாளை வாசித்தால் புரியும். கடையில் இருவர் பேசினால் புரியாது. 'எனக்குத் தெரியாது' என்பதற்குப் புத்தகத்தில் 'ஜு ந சே பா' என்று நான்கு சொல் இருக்கும். தெருவில் அது 'ஷே பா' என்று ஒரே மூச்சில் போய்விடும். நம் ஊரை எண்ணிப் பாருங்கள். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று படித்துவிட்டு தேசூர் பேருந்து நிலையத்தில் இறங்கும் வெளிநாட்டவர், 'வந்துனு இருக்கேன்' என்பதைக் கேட்டால் என்ன செய்வார்? அதே நிலைதான்.

வெளிநாட்டில் இருந்தாலே மொழி தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறோம். வராது. உதவியாளருக்கு அந்த நாட்டு மொழி இல்லாமலே 7 மாதத்தை ஓட்டிவிட எல்லா வசதியும் இருக்கிறது. பள்ளியில் சக ஆசிரியர்கள் தங்கள் ஆங்கிலத்தைப் பழகிப் பார்க்க விரும்புவார்கள். வீட்டில் உடன் தங்கும் அயர்லாந்து, அமெரிக்க உதவியாளர்களிடமும் ஆங்கிலம். இரவு அம்மாவிடம் கைப்பேசியில் தமிழ். விடுமுறைக்குப் பாரிஸ் போனால் லா ஷப்பேல் பகுதியில் தமிழ்க் கடைகள். இட்லி முதல் கறிவேப்பிலை வரை தமிழிலேயே கேட்டு வாங்கலாம். இப்படியே இருந்து, போன பிரெஞ்சோடு திரும்பி வந்தவர்களை நான் அறிவேன்.

அப்படியானால் மொழி எப்படி வருகிறது? பிறரோடு சேர்ந்து செய்ய ஒரு வேலை இருக்கும்போது வருகிறது. இதுதான் இன்று நான் சொல்ல வந்த ஒரே செய்தி.

பிரான்ஸில் 1901-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மக்கள் எளிதாகச் சங்கம் அமைக்க வழி செய்தது. அதனால் சிற்றூரில்கூடப் பாட்டுக்கு, நடைப்பயணத்துக்கு, தையலுக்கு எனச் சங்கங்கள் இருக்கும். நான் இருந்தது லியோன் நகருக்குத் தெற்கே, ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஊர். அங்கே ஞாயிற்றுக்கிழமை கடைத்தெரு அடங்கிக் கிடக்கும். அந்த அமைதி முதல் மாதத்தில் மனத்தை அழுத்தும். நடைப்பயணச் சங்கத்தில் சேர்ந்தேன். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். அவர்களுக்கு ஆங்கிலம் வராது. எனக்கு அது நல்லதாகப் போயிற்று.

முதல் சில வாரங்கள் நடந்தேனே தவிரப் பேசவில்லை. யாரும் என்னைப் பேசச் சொல்லி வற்புறுத்தவும் இல்லை. 'இந்தப் பையைப் பிடி', 'அங்கே சேறு, பார்த்துப் போ', 'ரொட்டி எடுத்துக்கொள்' என்று சொல்வார்கள். செய்வேன். திரும்பத் திரும்ப அதே சொற்கள், அதே செயல்கள். ஒரு நாள் எனக்குப் பின்னால் வந்தவரிடம் 'சேறு, பார்த்து' என்று நானே சொன்னேன். என் பிரெஞ்சு அன்றுதான் தொடங்கியது என்பேன்.

சொற்களோடு பழக்கமும் வர வேண்டும். கடைக்குள் நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லாமல் பொருளைக் கேட்டால் அது மரியாதைக் குறைவு. நம் ஊர்க் கடையில் யார் வணக்கம் சொல்லிவிட்டுப் பருப்பு கேட்கிறோம்? நம்மைப் போலவே அவர்களுக்கும் நீ, நீங்கள் உண்டு: 'தூ', 'வூ'. ஆனால் சக ஆசிரியர்கள் தமக்குள் 'தூ' என்றுதான் பேசிக்கொள்வார்கள். என் அம்மா வயதுள்ள ஆசிரியை, தன்னையும் அப்படியே அழைக்கச் சொன்னார். அக்கா, அம்மா என்று சேர்த்துச் சொல்லவும் அங்கே வழக்கமில்லை. அந்தச் 'தூ' என் நாக்கில் வர ஒரு மாதம் ஆயிற்று. இலக்கணம் எனக்கு முன்பே தெரியும்; உறவு புரியத்தான் நாளானது.

உண்மையில் என் பேச்சைத் திறந்துவிட்டது நம் தறிதான். நம் ஊர்த் தறியின் தலையில் இருக்கும் ஜக்கார்டு பெட்டியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். துளையிட்ட அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்ப, பாவு நூல்கள் அதற்கேற்ப எழும்ப, கரையில் பூ விழும். அந்தப் பெட்டிக்குப் பெயர் தந்த ஜோசப் மேரி ஜக்கார் லியோன் நகரத்துக்காரர். 1804 வாக்கில் அவர் அதை உருவாக்கினார். லியோனில் க்ருவா-ரூஸ் என்ற மேட்டுப் பகுதி நெசவாளர் குடியிருப்பு. அந்த உயரமான தறி நிற்க வேண்டும் என்பதற்காகவே அங்குள்ள வீடுகளின் கூரையை நான்கு மீட்டர் அளவுக்கு உயர்த்திக் கட்டினார்கள். கூலிக்காக அந்த நெசவாளர்கள் 1831-லும் 1834-லும் கிளர்ந்தெழுந்தது உலகத் தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்றது. அதைச் சுற்றிய ஊர்களில் பட்டுப்புழு வளர்த்தார்கள்; புழுக்களுக்கு நோய் பரவியபோது அதை ஆராயத் தென் பிரான்ஸுக்கு வந்தவர் லூயி பாஸ்டர்.

நடைப்பயணத்தில் வந்த ஒரு மூதாட்டியின் பாட்டி பட்டு நூல் ஆலையில் வேலை செய்தவராம். எங்கள் வீட்டில் தறி உண்டு என்றதும் அவர் விடவில்லை. பாவு எப்படி ஓட்டுவீர்கள், ஊடைக்கு நூல் யார் சுற்றுவார்கள், ஒரு சேலைக்கு எத்தனை நாள்? பதில் சொல்லச் சொற்கள் தேவைப்பட்டன. சைகையால் காட்டினேன், அவர் சொல்லைத் தந்தார். அடுத்த வாரம் அதே சொற்களை வைத்து நான் பேசினேன். தனக்குத் தெரிந்த ஒன்றைப் பிறர் ஆவலோடு கேட்கும்போது, தெரியாத மொழியிலும் வாய் திறக்கிறது. நான் அங்கே வெறும் 'மொழி தெரியாதவள்' என்ற நிலையிலிருந்து, 'தறி தெரிந்தவள்' ஆனேன்.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் அல்ல. நம் மண்ணிலேயே 300 ஆண்டுகளுக்கு முன் நடந்தது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழ் கற்க ஒரு முதிய ஆசிரியரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வரவழைத்தார். சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, அவர்களைப் போலவே மணலில் விரலால் எழுத்து எழுதிப் பழகினார். படித்த ஜெர்மானியர் ஒருவர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையாக உட்கார்ந்தார். பத்து ஆண்டுகளில், 1716-இல், அவர் எழுதிய தமிழ் இலக்கண நூல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று.

இனி நம் வகுப்புக்கு வருவோம். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் நம்மிடம் படிக்கிறார்கள். கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் வந்த வெளி மாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளும் வருகிறார்கள். எங்கள் பள்ளியில் நான்காம் வகுப்பில் அப்படி ஒரு சிறுவன் சேர்ந்தான். கூட்டல் கணக்கைக் கரும்பலகையில் எழுதினால் எல்லோருக்கும் முன் முடிப்பான். அதையே 'ராமுவிடம் ஐந்து மாம்பழம்' என்று சொன்னால் விழிப்பான். எண்ணும் எழுத்தும் வகுப்பில் அவன் தமிழில் 'அரும்பு' நிலையில் இருக்கலாம். அது அவன் தமிழ் வாசிப்பின் நிலை. அதை அவன் அறிவின் நிலையாக எடுத்துக்கொண்டு 'மெல்லக் கற்பவர்' பட்டியலில் பெயரை எழுதிவிட்டால், அந்தப் பெயர் அவனோடு உயர்நிலைப் பள்ளி வரை நடக்கும். பட்டியல் எழுதும் பேனா நம் கையில்தான் இருக்கிறது.

அந்தச் சிறுவனுக்கு வகுப்பாசிரியரும் நானும் சேர்ந்து செய்தவை நான்கு. உங்கள் பள்ளியிலும் செலவில்லாமல் செய்யலாம்.

முதலாவது, ஒரு துணை. முதல் மதிப்பெண் எடுக்கும் பிள்ளையைவிட, ஓயாமல் பேசும், இரக்கமுள்ள பிள்ளையே இதற்கு ஏற்றவர். நாங்களும் அப்படி ஒரு சிறுமியைத்தான் பக்கத்தில் அமர்த்தினோம்.

இரண்டாவது, நாள்தோறும் ஒரு வேலை. நோட்டு வழங்குவது, சத்துணவு வேளையில் தட்டு எடுத்து வைப்பது. 'இங்கே வை', 'இன்னொன்று கொடு' என்ற சொற்கள் நாள்தோறும் காதில் விழும். கையும் அதைச் செய்யும்.

மூன்றாவது, மௌனத்துக்கு அனுமதி. முதல் வாரங்களில் எழுப்பி நிறுத்திப் பேசச் சொல்ல வேண்டாம். சொன்னதைச் செய்கிறானா என்று மட்டும் பாருங்கள். காது நிறைந்த பிறகுதான் வாய் திறக்கும்.

நான்காவது, அவன் மொழிக்கும் வகுப்பில் ஓர் இடம். வாரம் ஐந்து சொற்களை அவன் மற்றவர்களுக்குச் சொல்லித் தரட்டும். அவர்கள் தப்பும் தவறுமாக உச்சரிக்க, அவன் திருத்துவான். அந்தச் சில நிமிடம் அவன்தான் ஆசிரியர்.

அரையாண்டுத் தேர்வுக்குள் அவன் இலக்கணமாகப் பேசிவிடவில்லை. ஆனால் கபடியில் 'அவுட்டு இல்ல!' என்று சண்டை போடத் தொடங்கினான். அதைக் கேட்டு ஆசிரியர் அறையில் நாங்கள் மகிழ்ந்தோம்.

இங்குள்ள இளம் ஆசிரியர்களுக்கும், உங்கள் பழைய மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டில் உதவியாளராகப் போக வாய்ப்பு வந்தால் போங்கள். போனதும் முதல் வாரத்திலேயே ஏதாவது ஒரு சங்கத்தில், குழுவில் சேருங்கள். சமைக்கத் தெரியுமா, கோலம் போடத் தெரியுமா, தறி தெரியுமா? அதை எடுத்துப் போங்கள். பேச்சுக்கு அதுதான் முதலீடு. வீட்டுக்குப் பேசுவதை நிறுத்த வேண்டாம். அதற்கு ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

போக முடியாதவர்கள் வருந்தவும் தேவையில்லை. அயல் மொழிக்காரர் ஒருவர் நம் வகுப்பின் கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். நாளைக் காலை அவர் மொழியில் ஒரு சொல்லைக் கேட்டுக் கற்றுக்கொண்டு வகுப்பைத் தொடங்குங்கள்.