ஆசிரியர் ஒற்றுமையும் சமூக ஊடகமும்

(எடப்பாடி வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தறியோசை கேட்டு வளர்ந்த எடப்பாடி மக்களுக்குத் தனி இழை துணியாகாது என்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை. பாவும் ஊடையும் கூட வேண்டும். நம் ஆசிரியர் பலரோ தனி இழையாகவே நிற்கின்றனர். சிற்றூர்ப் பள்ளியில் ஓரிருவரே எல்லா வகுப்புகளையும் நடத்துகின்றனர். ஐயம் எழுந்தால் கேட்க அருகில் எவருமில்லை.

சிதறிக் கிடப்போரை எழுத்தால் இணைக்கலாம் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். இரட்டைமலை சீனிவாசனார் 1893இல் இதழ் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ கண்டார். அண்ணல் அம்பேத்கர் 1920இல் ‘மூக்நாயக்’ தொடங்கினார். அப்பணியில் ஒரு பங்கை இன்று நம் கைப்பேசியும் ஆற்றக்கூடும்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, வாட்ஸ்அப் குழுக்கள் வழியே பாடக் குறிப்புகளும் பயிற்சித் தாள்களும் கைமாறின. ஆயினும் கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பின்தங்கினர். 2021 அக்டோபரில் அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கித் தன்னார்வலரை அவர்கள் வாழும் தெருவுக்கே அனுப்ப வேண்டியதாயிற்று. கருவி ஆசிரியரை இணைக்கும், ஆசிரியருக்கு ஈடாகாது.

ஆதலின் மூன்று வேண்டுகோள் விடுக்கின்றேன்.

ஒன்று: குழுவைக் காலை வணக்கத்தால் நிரப்பாதீர்கள். பின்னக் கணக்கை எவ்வாறு விளக்கினோம், எங்கே தவறினோம் என்று எழுதுங்கள். தவறியதை எழுதும் துணிவே பிறர்க்கு வழிகாட்டும்.

இரண்டு: குடும்பத்தில் முதன்முதல் கற்று ஆசிரியரானவர் கேட்கும் கேள்வியை எள்ளாதீர்கள். குழுவில் தெரியும் ஆசிரியையின் எண்ணுக்கு, அவர் இசைவின்றித் தனிச்செய்தி அனுப்பாதீர்கள்.

மூன்றாவதே தலையாயது. உதவித்தொகைக்காகப் பெற்ற சாதிச் சான்றிதழையும் பெயர்ப் பட்டியலையும் குழுவில் இடாதீர்கள். ஒருமுறை பரவியதை எல்லாக் கைகளிலிருந்தும் மீட்க இயலாது. சிறார் விவரங்களைக் கையாளப் பெற்றோர் இசைவு வேண்டும் என்பதை 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வலியுறுத்துகிறது. சட்டம் கிடக்கட்டும். சாதிப் பெயர் சொல்லி வகுப்பில் எழுந்து நிற்கச் செய்யப்பட்ட வேதனையை இம்மன்றத்தில் எத்தனை பேர் அறிவீர்கள்! அவ்வேதனையை நம் விரலே நம் பிள்ளைகளுக்குத் தரலாமா?

திரையில் அறிமுகமாவோம், திங்களுக்கு ஒருமுறை இம்மன்றத்தில் நேரிலும் கூடுவோம். அவ்வாறு நெய்யப்படும் துணியே நம் பிள்ளைகளுக்குப் போர்வையாகும்.