மணல்வாரிக்கு இரண்டு ஊசி

நெடுங்காட்டுப் பக்கம் பிள்ளைக்கு மணல்வாரி என்னும் தட்டம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகி, ஆளை ஒதுக்கி வைப்பார்கள். ஒதுக்கி வைப்பது நல்லதுதான். நோயாளி எழுந்துபோன பிறகும் 2 மணி நேரம் வரை கிருமி அந்த அறைக் காற்றில் இருக்கும். ஆனால் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் பின்னாலேயே வரும் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும். உடம்பு அதுவரை சேர்த்து வைத்த எதிர்ப்புச் சக்தியிலும் ஒரு பங்கைத் தட்டம்மை அழித்துவிடுகிறது.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் முதல் கட்டமாகத் தொடங்கிய இடங்களில் தமிழ்நாடும் புதுச்சேரியும் உண்டு. வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பெற்றோர் பலர் தயங்கியது வேதனை.

9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று, இரண்டும் இலவசம். கலக்கிய மருந்தை 4 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதனால் நர்சம்மா சொன்ன நேரத்துக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள், தாய்மாரே.