தென்னந்தோப்பு யுத்த தளமானது



வல்லரசுகளின் போட்டியால் நமக்கென்ன என்று மில் வாசலில் ஒரு தோழர் கேட்டார். கன்னியாகுமரிக்கு வெகு தெற்கே, இந்து மகாசமுத்திரத்தின் நடுவே டீகோ கார்ஸியா என்றொரு தீவு. அங்கே வாழ்ந்தவர்கள் யார்? கொப்பரை காயவைத்த கூலிகள். ஆப்பிரிக்க அடிமைகளின் சந்ததியார். இந்தியக் கூலிகளின் சந்ததியாரும் உண்டு.

சோவியத் யூனியனுக்கு எதிராக அமெரிக்காவுக்குத் தளம் தேவைப்பட்டது. மொரீஷியஸ் 1968-ல் சுதந்திரம் பெறுமுன்பே, 1965-ல் பிரிட்டன் சாகோஸ் தீவுகளை அதிலிருந்து பிரித்தெடுத்தது. 1966-ல் அமெரிக்காவோடு ஒப்பந்தம். பிரதிபலன்? போலாரிஸ் ஏவுகணைக் கணக்கில் 1 கோடியே 40 லட்சம் டாலர் தள்ளுபடி! அதையும் அமெரிக்கக் காங்கிரசுக்குச் சொல்லாமல் மறைத்தார்கள். மாட்டுத் தரகன்கூட துண்டுக்கடியில்தான் விலை பேசுவான். மாட்டையாவது வெளியே காட்டுவான்.

1973-க்குள் ஜனங்கள் அனைவரையும் கப்பலேற்றி மொரீஷியஸிலும் சேஷல்ஸிலும் இறக்கிவிட்டார்கள். அவர்கள் வளர்த்த நாய்களைக் கொன்றார்கள்.

1971-ல் ஐ.நா. பொதுச்சபை இந்து மகாசமுத்திரத்தைச் சமாதான மண்டலம் என்று பிரகடனம் செய்தது. தளமோ பெருகியது. 1991-லும் 2003-லும் இராக்கின்மீது குண்டு வீசிய விமானங்கள் அங்கிருந்தும் பறந்தன. சோவியத் யூனியன் 1991-லேயே மறைந்துவிட்டது. இப்போது சீனாவைக் காரணம் காட்டுகிறார்கள். 2025 மே மாதம் பிரிட்டனும் மொரீஷியஸும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலும் தளத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை. மற்றத் தீவுகளில் ஜனங்கள் குடியேறலாமாம். டீகோ கார்ஸியாவில் மட்டும் கூடாதாம்.