வலிப்பு நோயாளருக்குத் துணை மருந்துகள்



வலிப்பு நோய்க்குப் பெனோபார்பிட்டோன் 1912-ஆம் ஆண்டிலும், பெனிட்டாயின் 1938-ஆம் ஆண்டிலும் வழக்கிற்கு வந்தன. தக்க மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் நோயாளர் பத்துப் பேரில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. இம்மருந்துகளோடு வைட்டமின்களும் தரவேண்டுமா என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

பெனோபார்பிட்டோன், பெனிட்டாயின், கார்பமசெபைன் ஆகியவை கல்லீரலின் நொதிகளைத் தூண்டுகின்றன. அதனால் வைட்டமின் 'டி' விரைவில் சிதைந்து, நாளடைவில் எலும்பு வலுவிழக்கக்கூடும். வெயில் மிகுந்த நம் நாட்டில் இக்குறை எழாது என்று எண்ணலாகாது. வலிப்புக்கு அஞ்சி வீட்டிற்குள்ளேயே வைத்துக் காக்கப்படும் நோயாளர் இங்கே பலர். அவர்களுக்கு மருத்துவர் சொற்படி வைட்டமின் 'டி'யும் சுண்ணாம்புச் சத்தும் தருவது தக்கதே.

ஆனால், 'வைட்டமின்தானே, தீங்கென்ன?' என்று கேட்பது சரியன்று. பெனிட்டாயின் உடலில் ஃபோலிக் அமிலத்தைக் குறைக்கும். அதை ஈடுசெய்ய ஃபோலிக் அமிலத்தை அளவின்றித் தந்தாலோ, இரத்தத்தில் பெனிட்டாயின் குறைந்து, அடங்கியிருந்த வலிப்பு மீண்டும் தலைகாட்டலாம். வைட்டமின் 'பி6' ஒன்றினாலேயே அடங்கும் வலிப்பும் உண்டு. அது பச்சிளங் குழந்தைகளுக்கு வரும் மிக அரிய பிறவி நோய். அதைக் காட்டி எல்லா நோயாளருக்கும் சத்து மாத்திரை விற்பது வாணிகமே தவிர வைத்தியமன்று.

அதிகாரிகள் கருத்தூன்ற வேண்டிய இடம் வேறு. கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல் கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. வால்புரோயேட் உண்ணும் தாயின் கருவில் அது சரிவர மூடாமற்போகும் இடர் மிகுதி. ஃபோலிக் அமிலம் அவ்விடரை முற்றிலும் நீக்குவதில்லை. இயன்றவரை மருந்தையே மாற்றவேண்டும். இரண்டும் கருத்தரிக்கும் முன்பே நிகழவேண்டியவை. கர்ப்பத்தைப் பதிவு செய்தபின் கொடுக்கும் மாத்திரை, இந்த நோக்கத்திற்குப் பெரும்பாலும் காலங்கடந்தே வந்து சேர்கிறது. இரத்தசோகையற்ற இந்தியா திட்டத்தில் 2018 முதல் வழங்கப்படும் வாராந்திர மாத்திரையில் உள்ள ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராமே. வலிப்பு மருந்து உண்ணும் பெண்ணுக்கு நாள்தோறும் 5 மில்லிகிராம் வரை மருத்துவர் பரிந்துரைப்பதுண்டு.

பெண்ணுக்கு வலிப்பு உண்டென்பதை மணமகன் வீட்டாரிடம் மறைக்கும் வழக்கமும் இதில் குறுக்கிடுகிறது. இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்திற்குத் தடையாக இருந்த வலிப்பு நோய் 1999-இல் நீக்கப்பட்டது. ஊராரின் அச்சம் நீங்கவில்லை. ஆகவே தனித்துக் கேட்டறிய வேண்டும். மாதந்தோறும் மருந்து வாங்குவோரின் பெயர்கள் மருந்தகப் பதிவேட்டில் உள்ளன. அவற்றுள் இளம்பெண்களைக் குறித்து மருத்துவரிடம் அனுப்பத் தனி நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. கருவுற்றது தெரிந்ததும் அஞ்சி மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.