மனம் போல வாழ்வா?

(தூத்துக்குடியில் தொழிலாளர் வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரை)



“மனம் போல வாழ்வு” என்று அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். மனம் நன்றாக இருந்தால் வாழ்வும் நன்றாக இருக்குமாம். அப்படியானால், வாழ்வு நன்றாக இல்லாதவனுக்கு மனம் சரியில்லை என்றுதானே அர்த்தம்? கூலி போதவில்லை என்று கேட்கப் போனவனிடம் இதைச் சொன்னால், அவன் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். ஆகவே இந்தக் கருத்தைச் சற்று விசாரித்துப் பார்ப்போம்.

நம் கடற்கரையில் முத்துக் குளித்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1961-ல் நடந்ததுதான் கடைசிச் சலாபம். வயதானவர்கள் சிலருக்கு நினைவிருக்கும். கல்லின் பாரத்தில் கடலடிக்கு இறங்கி, மூச்சை அடக்கிச் சிப்பியை அள்ளி வந்தவர்கள் அவர்கள். மனத்தை அடக்க அவர்களுக்கு யார் பாடம் சொல்ல வேண்டும்? ஆனால், மேலே படகில் கயிற்றைப் பிடித்திருப்பவன் சமயத்தில் இழுக்காவிட்டால் அந்த மன உறுதி என்ன ஆகும்? வெள்ளைக்காரன் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. குளித்தவர் தரப்புக்கு ஒரு பங்கு. இப்படிப் பிரித்தது சர்க்கார் உத்தரவு. குளித்தவன் மனத்தில் என்ன நினைத்தாலும் பங்கு கூடாது.

“மனம்போல வாழ்வு” என்று ஒரு புத்தகமே இருக்கிறது. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் எழுதியது. அதைத் தமிழாக்கியவர் யார் தெரியுமா? நம் வ.உ.சிதம்பரம் பிள்ளைதான். 1909-ல், சிறையில் இருந்தபோது! கோவைச் சிறையில் செக்கிழுத்த மனிதருக்கு உள்ளம் தளராமல் நிற்க அந்தக் கருத்து துணையாக இருந்திருக்கும். அதை நான் இகழமாட்டேன்.

ஆனால், சிறைக்குப் போகும் முன் அவர் செய்தது என்ன? 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளரிடம் அவரும் சுப்பிரமணிய சிவாவும் பேசினார்கள். மனத்தைத் திருத்திக்கொண்டால் கூலி தானே உயரும் என்றா பேசினார்கள்? 27-ந் தேதி வேலை நிறுத்தம் தொடங்கிற்று. கூலி உயர்வும் வார விடுமுறையும் கோரிக்கை. ஊரே துணை நின்றது. வெள்ளைக்காரர் பக்கம் சாய்ந்தவருக்குச் சவரம் செய்ய நாவிதர் மறுத்தார்! மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. அதே மாதம் 12-ந் தேதி அவரைக் கைது செய்தார்கள்.

1912 டிசம்பரில் விடுதலையானபோது கப்பல் கம்பெனி இல்லை. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் வறுமையில் உழன்றார். மனம் கோணியதால்தான் அவருக்கு அந்த வறுமை வந்தது என்று சொல்லத் துணிபவர் உண்டா?

குடியை விடவும், கோபத்தை அடக்கவும், சோம்பலை உதறவும் அந்தப் புத்தகம் உதவும். அவை நம் கையில் இருக்கும் காரியம். கூலி விஷயத்தில் வேறு கேள்வி கேட்க வேண்டும்: உழைத்தவர் யார், விளைந்தது எவ்வளவு, பிரித்தவர் யார்? களத்தில் நெல் அளக்கும்போது இதைக் கேட்டுப் பாருங்கள்.

இப்போது உப்பளத்திலிருந்து வந்திருக்கும் சகோதரிகள் பேசட்டும். கண் எரிவதும் கால் வெடிப்பதும் எதனால் என்று அவர்களே சொல்லட்டும்.