ஒரு சொல்லுக்குள் மூன்று அரசுகள்



வீட்டின் முன் வடிகால் அடைத்துக்கொண்டாலும், தமிழ்ப்பள்ளிக் கூரை ஒழுகினாலும், கோயில் நிலத்துக்குப் பட்டா கிடைக்காவிட்டாலும் பினாங்குத் தமிழர் குறை சொல்வது ஒன்றையே: ‘கவர்மெண்ட்’. கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி கல்வி மத்திய அரசின் பொறுப்பு. நிலம் மாநிலத்தின் பொறுப்பு. வடிகால் துப்புரவோ மாநகர் மன்றத்தின் வேலை.

இம்மயக்கத்தை அறியாமை என்றே நெடுங்காலம் கருதினேன். கலைச்சொற்களைப் பரப்பினால் தீரும் என்றும் நம்பினேன். அது என் பிழை. என் தந்தையார் அவ்வாறு பேசியவரல்லர். அவருக்குக் ‘கவர்மெண்ட்’ வேறு, ‘முனிசிபல்’ வேறு. தெருவிளக்கு எரியாவிட்டால், “முனிசிபல் மெம்பரிடம் சொல்லியிருக்கிறேன்” என்பார். அவர் அதிகம் படித்தவருமல்லர்.

அச்சொல்லுக்குப் பின்னால் வாக்குச்சீட்டு இருந்தது. ஜார்ஜ்டவுன் நகராண்மைக் கழகத்துக்கு 1951இல் தேர்தல் நடந்தது. 1957 ஜனவரி 1இல் நகர் மாநகராயிற்று. பின்னர் டி.எஸ். இராமநாதன் மேயரானார், அவர் பெயரில் இன்றும் ஒரு சாலை உண்டு. இந்தோனேசிய மோதலைக் காரணங்காட்டி 1965இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அவற்றை மீட்குமாறு ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் பரிந்துரைத்தது. 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டமோ அவற்றை ஒழித்தேவிட்டது. தேர்தலை மீட்கப் பினாங்குச் சட்டமன்றம் 2012இல் இயற்றிய சட்டம் 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

இன்று உறுப்பினர்கள் நியமனம் பெறுகின்றனர். உழைப்பவர் அவர்களுள் உண்டு, சிலரை நானறிவேன். ஆயினும் நாம் இப்போது ‘சொல்லியிருக்கிறோம்’ என்பதில்லை, ‘மனு கொடுத்திருக்கிறோம்’ என்கிறோம். வாக்களித்தவன் சொல்வான், வாக்கில்லாதவன் மனுச் செய்வான். வினைச்சொல்லே மாறிவிட்டது.

நியமனத்தில் கட்சிப் பங்கீட்டின் வழியாவது நமக்கு ஓரிடம் கிடைக்கிறது, தேர்தல் வந்தால் அதுவும் போய்விடும் என்போர் நம்மிடையே பலர். சிறுபான்மையினரின் அவ்வச்சத்தை நான் எள்ளமாட்டேன். ஆனால் இராமநாதன் மேயரான காலத்திலும் இந்நகரில் நாம் சிறுபான்மையினரே. அன்று வாக்கு நம்மை மறைத்துவிடவில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சென்ற மாதம் அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் ஒரு கடிதம் எழுதித் தரும்படி வந்தார். மன்றத்தின் பெயரை எழுதினேன். “நம்ம தெருவுக்கு மெம்பர் யாருங்க ஐயா?” என்றார். நாடாளுமன்ற உறுப்பினரின் பெயரைச் சொன்னேன். சட்டமன்ற உறுப்பினரின் பெயரையும் சொன்னேன். அவர் கேட்டது அவர்களை அன்று. அந்த மூன்றாவது பெயர் எனக்கும் தெரிந்திருக்கவில்லை.