கார்த்திகைப்பூவைப் பிரித்துப் பார்ப்போம்

தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கிறார்கள். இன்று அவர்களோடுதான் பேசப்போகிறேன்.

பிள்ளைகளே, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பூவின் பாகங்களைப் படிப்பிக்கச் செவ்வரத்தையைத்தான் எடுப்பார்கள். வெளியே ஐந்து பச்சைப் புல்லிகள், உள்ளே ஐந்து சிவந்த அல்லிகள். நடுவில் கேசரங்கள் குழாயாக ஒட்டியிருக்கும். அதற்குள்ளால் தம்பம் ஏறி, நுனியில் ஐந்து குறிகளாகப் பிரியும். நல்ல பாடம். ஆனால் எல்லாப் பூவும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மாரியில் வன்னியின் வேலிகளிலும் பற்றைகளிலும் ஒரு கொடி ஏறும். இலை நுனியே சுருண்டு கொம்பைப் பற்றிக்கொள்ளும். அதுதான் கார்த்திகைப்பூக் கொடி. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் முதலில் வரும் காந்தள் இதுவே. இந்தப் பூ எங்கள் நெஞ்சில் எழுப்பும் நினைவுகளைப் பெரியவர்கள் அறிவார்கள். இப்போது அதன் உடலைப் பாருங்கள்.

இதில் புல்லி வேறு, அல்லி வேறு என்று இல்லை. ஆறு இதழ்களும் ஒரே மாதிரி. பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, சிவப்பாகும். பூ தலைகீழாகத் தொங்க, நெளிந்த இதழ்கள் மேல்நோக்கி மடியும். ஆறு கேசரங்களும் சுற்றிவர வெளியே நீட்டி நிற்கும். மூன்று அறைகள் கொண்ட சூலகம் நடுவில் இருக்கும்.

என்னை எப்போதும் வியக்கவைப்பது தம்பம். சூலகத்திலிருந்து நேரே இறங்காமல், அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் போய்விடும். அதனால் தன் மகரந்தம் தன் குறியில் விழுவது அரிது. தேன் தேடிவரும் வண்ணத்துப்பூச்சியின் சிறகில் ஒட்டிய மகரந்தம் வேறொரு பூவின் குறியைத் தொட வேண்டும்.

பூச்சி வராவிட்டால்? தமிழ்நாட்டில் மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் இதை விதைக்காகப் பயிரிடுகிறார்கள். விதையிலுள்ள கொல்சிசின், கவுட் என்னும் மூட்டுவாதத்துக்கு மருந்து. அங்கே காலையில் தோட்டத்துக்குள் இறங்கி, பூப்பூவாக மகரந்தத்தை எடுத்துக் குறியில் கையாலேயே வைக்கிறார்கள்.

பெற்றோரே, மாரிகாலத்தில் ஊருக்குப் போனால் பிள்ளைகளுக்கு அந்த மடங்கிய தம்பத்தைக் காட்டுங்கள். பிரித்துப் பார்த்தபின் கையைக் கழுவச் சொல்லுங்கள். கிழங்கை மட்டும் தோண்டவிடாதீர்கள். அதே கொல்சிசின் அதிலும் உண்டு, தின்றால் உயிரையே எடுக்கும்.